எட்டு கிராம் பறவையின் வரவு செலவு

1986இல் 291 எல்லைகள். 2005 வாக்கில் 2,968. தென் கலிபோர்னியாவின் ஆற்றோரப் புதர்களில் கூடு கட்டும் லீஸ்ட் பெல்ஸ் வீரியோ என்ற சிறு பறவையின் இருபதாண்டுக் கதை இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லை என்பது ஓர் ஆண் பறவை தனதென்று பாடிக் காக்கும் இடம். பத்து மடங்குக்குச் சற்று மேல். கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீத வளர்ச்சி. அழிவின் விளிம்பிலிருந்து இவ்வளவு வேகமாக மீண்டு வந்த பறவைகள் மிகக் குறைவு.

அந்த எண்களைக் கொண்டாடுவதற்கு முன், அவை எப்படிக் கிடைத்தன என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் ஆள், ஒரு காலைப்பொழுது, ஒரு கூலி இருக்கிறது. பறவையைக் காப்பதற்கு ஆகும் செலவு பற்றிப் பலரும் பேசுகிறார்கள். பறவையை எண்ணுவதற்கு ஆகும் செலவு பற்றி யாரும் பேசுவதில்லை. நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அது தவறான சிக்கனம் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

முதலில் பறவை. எடை 7 முதல் 10 கிராம். சாம்பல் நிற முதுகு, வெளிறிய வயிறு, கண்ணில் படாத அளவுக்கு எளிமையான தோற்றம். குளிர்காலத்தை மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்பகுதியில் கழித்துவிட்டு, மார்ச் நடுவில் வடக்கே வரத் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் திரும்பிவிடும். கூடு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், வில்லோ மரக்கன்றுகளும் மியூல்ஃபேட் என்ற ஆற்றோரப் புதரும் அடர்ந்த இடத்தில், ஒரு கவட்டையில் தொங்கும். ஆண் பறவை விடாமல் பாடும். ஒரு சொற்றொடர் மேலேறிக் கேள்வி கேட்பதுபோல் முடியும். அடுத்தது கீழிறங்கிப் பதில் சொல்வதுபோல் முடியும். மற்ற பறவைகள் அடங்கிவிடும் நண்பகலிலும் இது ஓயாது. இலைக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பறவையை எண்ண முடிகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் இந்தக் குரல்தான். கண்ணால் எண்ணும் வேலை அல்ல இது, காதால் எண்ணும் வேலை.

ஒரு காலத்தில் இதை எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாக்ரமென்டோ, சான் வாகீன் நதிகளின் பெரும் சமவெளியில்தான் இதன் மொத்தத் தொகையில் 60 முதல் 80 சதவீதம் வாழ்ந்ததாகக் கணிக்கிறார்கள். வடக்கே ரெட் பிளஃப் ஊர் வரை கூடு கட்டியது. ஆற்றங்கரைக் காடுகள் வயலாயின. அணைகளும் கரைகளும் ஆற்றின் போக்கைக் கட்டிப்போட்டன. அந்தச் சமவெளியின் ஆற்றோரக் காட்டில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதோடு பறவையும் போயிற்று. 1980இல் கலிபோர்னியா மாநிலம் இதை அழியும் உயிரினமாக அறிவித்தது. 1986 மே மாதம் அமெரிக்க மைய அரசு அறிவித்தது. 1994இல் ஆறு மாவட்டங்களில் பத்து இடங்களை, மொத்தம் சுமார் 38,000 ஏக்கரை, இதன் இன்றியமையாத வாழிடமாக வரையறுத்தார்கள். சாந்தா யினெஸ், சாந்தா கிளாரா, சாந்தா அனா, சாந்தா மார்கரிட்டா, சான் லூயிஸ் ரே, ஸ்வீட்வாட்டர், சான் டியாகோ, டிஹுவானா ஆகிய ஆறுகளும் இரண்டு ஓடைப் பகுதிகளும் அதில் அடக்கம்.

இனி எண்ணும் கணக்குக்கு வரலாம்.

ஒரு காலைப்பொழுதின் அளவு

அமெரிக்க மீன் வனவுயிர்த் துறை 2001இல் இந்தப் பறவையைக் கணக்கெடுக்க ஒரு வழிமுறை வகுத்தது. ஏப்ரல் 10 முதல் ஜூலை 31 வரை குறைந்தது எட்டு முறை அந்த இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு வருகைகளுக்கு நடுவே குறைந்தது பத்து நாள் இடைவெளி. விடியற்காலையில் தொடங்கிக் காலை 11 மணிக்குள் முடிக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மேலோ 50 ஹெக்டேருக்கு மேலோ பார்க்கக் கூடாது. கடும் வெயில், காற்று, மழை இருந்தால் அந்த நாள் கணக்கில் சேராது. பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கவும் கூடாது. நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 10இலிருந்து ஜூலை 31 வரை 113 நாட்கள். எட்டு வருகைகளும் ஏழு இடைவெளிகளும் குறைந்தபட்சம் 71 நாட்களை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 42 நாட்கள்தான் காற்றுக்கும் மழைக்கும் காய்ச்சலுக்கும் ஒதுக்கக் கிடைப்பவை.

எட்டு முறை எதற்கு என்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்பதுண்டு. ஒரு முறை போய்க் கேட்டால் போதாதா? போதாது. ஏப்ரலில் பாடும் பறவை வழிப்போக்கனாக இருக்கலாம். மே மாதம் அமைதியாக இருக்கும் புதரில் பெட்டை அடைகாத்துக்கொண்டிருக்கலாம். ஜூனில் புதிதாகக் கேட்கும் குரல், கூடு கலைந்து இடம் மாறி வந்த ஆணாக இருக்கலாம். ஒரே ஆண் இரண்டு முனைகளில் பாடினால் இரண்டு பறவையாகப் பதிவாகிவிடும். எட்டு வருகைகளில் ஒவ்வொரு குரலையும் வரைபடத்தில் புள்ளி வைத்து, புள்ளிகள் எங்கே திரள்கின்றன என்று பார்த்த பிறகுதான் அது ஓர் எல்லை என்று எழுத முடியும்.

இப்போது அந்த 38,000 ஏக்கரையும் ஒரே பருவத்தில் முழுமையாகக் கணக்கெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் எல்லா ஏக்கரும் வில்லோ புதர் அல்ல. மணலும் நீரும் வெட்டவெளியும் உண்டு. ஆகவே இது மேல்வரம்புக் கணக்கு. 50 ஹெக்டேர் என்பது சுமார் 123.5 ஏக்கர். 38,000 ஏக்கருக்கு 308 காலைப்பொழுதுகள். எட்டு வருகைக்கு 2,464. ஒரு காலைக்கு ஐந்து மணி நேரம் என்றால் 12,320 மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் ஒருவருக்குப் பருவத்தில் சுமார் 80 காலைகள் கிடைக்கும். அப்படியானால் 31 பேர் வேண்டும்.

பணமாக மாற்றினால்? 2025இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். அந்தக் கூலியில் 12,320 மணி நேரத்துக்கு 2,03,280 டாலர். ஆனால் இது எடுபிடி வேலை அல்ல. பல பறவைகளின் குரல்களை வேறுபடுத்தத் தெரிந்தவர் செய்யும் வேலை. மும்மடங்கு கூலி என்று வைத்தால் சுமார் 6,10,000 டாலர். அதை 2,968 எல்லைகளுக்குப் பங்கிட்டால் ஓர் எல்லைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 205 டாலர். குறைந்தபட்சக் கூலியில் 68 டாலர். வண்டிச் செலவு, அறிக்கை எழுதும் நாட்கள், வரைபட வேலை எல்லாம் இதற்கு மேல். அவற்றுக்காக இன்னொரு மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எல்லை ஒன்றுக்கு 410 டாலர் என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஏட்டுக்குப் போகலாம்.

கூட்டுக்குள் ஒரு கணக்கு

வீரியோ ஒரு முறைக்கு மூன்று அல்லது நான்கு முட்டை இடும். அடைகாப்பு 14 நாள். குஞ்சு பொரித்த பின் கூட்டில் இருப்பது 10 முதல் 12 நாள். முதல் முட்டையிலிருந்து கூட்டை விட்டுப் பறப்பது வரை சுமார் நான்கு வாரம். அந்த நான்கு வாரத்துக்குள் பாம்பு, காட்டு ஜே பறவை, எறும்பு என எத்தனையோ கண்களுக்குத் தப்ப வேண்டும். கூடு கலைந்தால் மறுபடி கட்டும். ஒரே பருவத்தில் பல முறை முயலும் ஜோடிகள் உண்டு.

1980களில் இந்தக் கணக்கைக் கவிழ்த்தது பழுப்புத் தலை கவ்பேர்டு என்ற பறவை. நம்மூர்க் குயில் காக்கையின் கூட்டில் செய்வதை இது வீரியோவின் கூட்டில் செய்கிறது; ஆனால் விளைவு இன்னும் கொடியது. காக்கை குயிலைவிடப் பெரிய பறவை, தன் குஞ்சுகளில் சிலவற்றையாவது வளர்த்துவிடும். கவ்பேர்டோ வீரியோவைவிட நான்கு மடங்குக்கு மேல் எடை கொண்டது. அதன் முட்டை 10 முதல் 12 நாளில் பொரித்துவிடும். அதாவது வீரியோ குஞ்சு வெளிவருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வந்து, வாயைப் பிளந்து, வரும் புழுவையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஒரு பெட்டை கவ்பேர்டு ஒரு பருவத்தில் 40 முட்டை வரை இடக்கூடும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூட்டில். கால்நடையும் பாசன விவசாயமும் மேற்குக் கரைக்கு வந்தபோது அவற்றோடு சேர்ந்து பரவிய பறவை இது. கரையோரக் காடு துண்டுதுண்டான பிறகு ஒளிந்துகொள்ள வீரியோவுக்கு இடமில்லாமல் போனது.

மரைன் படை வீரர்களின் பயிற்சித் தளமான கேம்ப் பெண்டில்டனுக்குள் ஓடும் சாந்தா மார்கரிட்டா ஆற்றில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பாதிக் கூடுகளில் கவ்பேர்டு முட்டை இருந்தது. 1983இல் அங்கே பொறி வைத்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வீரியோவின் எண்ணிக்கை ஏறியது. சாந்தா அனா ஆற்றின் பிராடோ படுகையில் 1986இல் இருபதை ஒட்டிய ஜோடிகளே இருந்தன. அங்கும் பொறி வைக்கப்பட்டது, பின்னால் சொல்லப்போகும் அயல்நாட்டு நாணல் அகற்றப்பட்டது, பின்னாளில் அந்த ஆறே இந்தப் பறவையின் மிகப்பெரிய கோட்டைகளில் ஒன்றாக மாறியது.

பொறி என்பது கம்பி வலை அடித்த பெரிய கூண்டு. உள்ளே உயிருள்ள கவ்பேர்டுகளையே இரையாக வைத்து, தானியமும் தண்ணீரும் நிழலும் தந்து, மற்றவற்றை வரவழைப்பார்கள். மேல்திறப்பு வழியாக இறங்கினால் ஏற முடியாது. வேறு பறவை சிக்கினால் அன்றே விட வேண்டும், அதனால் ஒவ்வொரு பொறியையும் தினமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை 122 நாள். ஒரு பள்ளத்தாக்கில் இருபது பொறிகள் இருந்தால் 2,440 வருகைகள். மேலே சொன்ன 38,000 ஏக்கர் கணக்கெடுப்புக்கு வேண்டிய காலைகளும் கிட்டத்தட்ட இதே எண்ணிக்கைதான். கவ்பேர்டும் அமெரிக்கப் பறவையே, 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கும் உண்டு. கொல்வதற்கு விதிகள் உண்டு, ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும்.

இங்கேதான் எண்ணும் வேலை தன் மதிப்பைக் காட்டியது. பொறி வைத்தால் வீரியோ பெருகியது என்று கண்டதும், அதே மருந்தை எல்லா ஆற்றோரப் பறவைகளுக்கும் கொடுத்தார்கள். தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் என்ற இன்னோர் அழியும் பறவைக்கும் கலிபோர்னியாவின் கெர்ன் ஆற்றில் 1990களில் பொறி வைத்தார்கள். கூடுகளில் கவ்பேர்டு முட்டை குறைந்தது. கூட்டிலிருந்து வெளிவந்த குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்கே கூடு கட்டிய ஜோடிகளின் எண்ணிக்கை கூடவில்லை. பார்பரா கஸ், மேரி விட்ஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் இரண்டு பறவைகளின் ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, பொறி ஓர் அவசர சிகிச்சை, அதை ஆண்டாண்டுக்கும் தொடர்வது தீர்வாகாது என்று எழுதினார்கள். முட்டையை மட்டும் எண்ணியிருந்தால் பொறி வெற்றி. ஜோடிகளையும் எண்ணியதால்தான் அது பாதி வெற்றி என்று தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

மிச்சிகனின் கிர்ட்லாண்ட் வார்ப்ளர் பறவைக்கு 1972 முதல் பொறி வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு படிப்படியாக நிறுத்திப் பார்த்தபோது கவ்பேர்டு திரும்பிப் பெருகவில்லை. 2019இல் அந்தப் பறவை அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நிறுத்திய பின்னும் கூடுகளை எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் நிறுத்தியது சரி என்று உறுதியானது.

நாணலுக்கு ஏக்கர் விலை

பெரிய செலவு வேறெங்கோ இருக்கிறது. அருண்டோ என்ற பெருநாணல் 1820களில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கூரை வேயவும் கரை அரிப்பைத் தடுக்கவும் கொண்டுவரப்பட்டது. எட்டு மீட்டர் உயரம் வளரும். நல்ல வெயிலும் ஈரமும் இருந்தால் ஒரு நாளில் சில அங்குலம் ஏறும். அங்கே இது முளைக்கும் விதை தருவதில்லை. வெள்ளத்தில் பிய்ந்து போகும் ஒரு கிழங்குத் துண்டு போதும், கீழே எங்கோ ஒதுங்கிப் புதிய காடாகிவிடும். வில்லோவை அமுக்கி, ஆற்றுப்படுகை முழுவதும் தானே நிற்கும். வீரியோவுக்கு அதில் கூடு கட்டக் கவட்டை இல்லை, உண்ணப் புழுவும் குறைவு. நீரையோ வில்லோவைவிடப் பல மடங்கு உறிஞ்சுகிறது.

மான்டரேயிலிருந்து மெக்சிகோ எல்லை வரை கடற்கரையோர ஆற்றுப் படுகைகளில் இது உச்சத்தில் ஏறத்தாழ 9,000 ஏக்கரை ஆக்கிரமித்திருந்ததாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அகற்ற ஏக்கருக்கு 25,000 டாலர் வரை. வெட்டுவது, அரைப்பது, கிழங்குக்கு மருந்தடிப்பது, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து முளையைத் தேடுவது, பிறகு வில்லோ நடுவது எல்லாம் சேர்ந்த விலை அது. 9,000 ஏக்கருக்கும் இந்த விலை என்றால் 22.5 கோடி டாலர். மிச்சமாகும் நீரையும் குறையும் வெள்ளச் சேதத்தையும் கணக்கில் எடுத்தால் ஒரு டாலர் செலவுக்கு ஏறத்தாழ இரண்டு டாலர் பயன் என்றும் அதே ஆய்வு கணித்தது.

நேரமும் ஒரு செலவுதான். வீரியோ கூடு கட்டும் காலத்தில், பொதுவாக மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, ஆற்றோரத்தில் செடி வெட்டத் தடை. மிச்சம் 180 நாள். அதில் மழைக்காலமும் வெள்ளமும் அடக்கம். எங்கே பறவை இல்லை, எங்கே வேலையைத் தொடரலாம் என்று சொல்லக்கூடியவர், காலையில் போய்க் கேட்டு வந்த அந்த ஆள்தான். அவர் குறித்த வரைபடம் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரரின் இயந்திரம் வாடகை ஏறிக்கொண்டே சும்மா நிற்கும்.

இப்போது இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். வீரியோவின் எல்லை அரை ஏக்கரிலிருந்து ஏழரை ஏக்கர் வரை இருக்கும். இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஏக்கரும் நாணல் மூடியது என்றால் மீட்க 50,000 டாலர். ஓர் எல்லையை ஓர் ஆண்டு எண்ண 410 டாலர். ஒரே ஒரு எல்லையை மீட்கும் பணத்தில் அதை 120 ஆண்டுகளுக்கு மேல் எண்ணிக்கொண்டிருக்கலாம். வேறு விதமாகச் சொன்னால், 38,000 ஏக்கரையும் ஒரு பருவம் முழுக்கக் கணக்கெடுக்கும் 12 லட்சம் டாலர் சொச்சம், நாணல் அகற்றும் கணக்கில் 49 ஏக்கருக்கே வரும். என் கூலி ஊகம் இரட்டிப்பாகத் தவறியிருந்தாலும் முடிவு மாறாது.

நட்டது பயன்பட்டதா என்பதையும் எண்ணித்தான் அறிந்தார்கள். வில்லோவும் மியூல்ஃபேட்டும் நட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வீரியோ குடிவரக்கூடும். பக்கத்தில் பழைய காடு இருந்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் தாமதம். 2005 ஜூனில் சான் வாகீன் நதி வனவுயிர்ப் புகலிடத்தில், மீண்டும் நட்டு வளர்த்த புதரில், ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. அந்தப் பெரும் சமவெளியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத கூடு. அங்கே பறவைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் அது கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் அந்த ஜோடி வந்து, கூடு கட்டி, குஞ்சுகளோடு தெற்கே போயிருக்கும், நட்டவர்களுக்கே தெரிந்திருக்காது.

நீர் மட்டத்தின் ஏழு அடி

பிராடோ அணை 1941இல் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டது. அதன் பின்புறம் தேங்கும் நீரை மெல்லத் திறந்துவிட்டு நிலத்தடியில் சேமித்துத்தான் ஆரஞ்சு மாவட்டத்து நகரங்கள் குடிக்கின்றன. நீர் சேமிப்புக்காக வெள்ளப் பருவத்தில் 498 அடி மட்டம் வரையும், மார்ச் முதல் செப்டம்பர் வரை 505 அடி வரையும் தேக்கலாம் என்பது நெடுங்கால ஏற்பாடாக இருந்தது. இடையில் ஏழு அடி. அந்த ஏழு அடியில் தேங்கும் நீரின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வீரியோவின் கூடு தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல். தாழ்ந்த பகுதியில் ஏப்ரலில் கட்டிய கூடு பின்னர் நீர் மட்டம் ஏறினால் மூழ்கிவிடும். எந்தக் கூடு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருந்தால்தான் அணையின் மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்று பேசவே முடியும். அந்த மாவட்டத்தின் தண்ணீர் வாரியமும் பறவை ஆய்வாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து மட்டக் கணக்குப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. நீர் தேக்கும் உரிமைக்கு ஈடாக நாணல் அகற்றவும் பறவை கண்காணிக்கவும் வாரியம் பணம் தருகிறது. பறவைக்கும் குடிநீருக்கும் பகை என்று பேசுபவர்களுக்கு இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

இன்னொரு பறவையின் ஏடு

தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பானை எண்ணுவது வேறு மாதிரி. 1995இல் பட்டியலில் ஏறியது. 2007இல் 288 இடங்களில் 1,299 எல்லைகள் என்று கணித்தார்கள். மீட்புத் திட்டத்தின் இலக்கு 1,950. அன்று 651 குறை. பெரும்பாலான இடங்களில் ஐந்து ஜோடிகூடத் தேறாது. ஒரு காட்டுத்தீ, ஒரு வறட்சி போதும், அந்த இடம் பூஜ்யமாகிவிடும்.

இதற்குக் கணக்கெடுப்புக் காலம் மே 15 முதல் ஜூலை 17 வரை, 64 நாள். இங்கே பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்கலாம். ஆனால் ஒரு சிக்கல்: வடக்கே போகும் பிற கிளையின ஈப்பிடிப்பான்கள் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் இதே ஆற்றோரங்களில் தங்கிப் போகும். பார்க்க ஒரே மாதிரி, பாடுவதும் ஒரே மாதிரி. மே மாதத்தில் பத்துக் குரல் கேட்டவர் ஜூன் கடைசியில் போனால் இரண்டுதான் கேட்கும். அந்த இரண்டுதான் அந்த இடத்துப் பறவை. மே மாதக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பள்ளத்தாக்கு செழிப்பாக இருக்கிறது என்று அறிக்கை எழுதினால் அது பொய்யாகிவிடும், எழுதியவர் நேர்மையானவராக இருந்தாலும்.

இந்த ஏட்டில் இன்னொரு பதிவும் உண்டு. டாமரிஸ்க் என்ற அயல்நாட்டுப் புதரைத் தின்ன 2001இல் ஒரு வண்டை வெளியில் விட்டார்கள். வில்லோ போய்விட்ட பல ஆற்றங்கரைகளில் ஈப்பிடிப்பான் அந்த டாமரிஸ்க்கிலேயே கூடு கட்டப் பழகியிருந்தது. வண்டு எதிர்பார்த்ததைவிடத் தெற்கே பரவி, கூடு கட்டும் பருவத்திலேயே இலைகளை உதிர்த்தது. நிழல் போன கூடு வெயிலில் வெந்தது. 2010இல் வேளாண் துறை வண்டு விடுவதை நிறுத்தியது. களையை அகற்றும் ஏடும் பறவையை எண்ணும் ஏடும் தனித்தனி அலுவலகங்களில் இருந்ததன் விலை அது.

2,968 என்ற எண்ணுக்குள்

தொடக்கத்து எண்ணுக்கு இப்போது திரும்பலாம், ஏனென்றால் அதை அப்படியே விழுங்கக் கூடாது. 291, 2,968 இரண்டுமே அறியப்பட்ட எல்லைகள். இரண்டாவது எண் ஒரே ஆண்டில் எடுத்ததல்ல; 2001 முதல் 2005 வரையிலான பதிவுகளைச் சேர்த்துக் கிடைத்தது. 1986இல் எண்ணப் போனவர்கள் குறைவு, போன இடங்களும் குறைவு. பின்னாளில் ஆட்கள் கூடினார்கள், புதிய ஓடைகளுக்கும் போனார்கள். ஆகவே பத்து மடங்கில் ஒரு பங்கு பறவையின் வளர்ச்சி, ஒரு பங்கு தேடலின் வளர்ச்சி. ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணிய ஆறுகளிலும் எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருப்பதால் வளர்ச்சி உண்மை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் பெரிய எண் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அதே மூன்று கிலோமீட்டரை நடந்தவர்களின் குறிப்பேடு. எத்தனை மணி நேரம் நடந்தார்கள், எத்தனை இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. ஒன்றும் கேட்காத காலையும் ஒரு பதிவுதான். அதை எழுதாமல் விட்டால் சராசரி பொய்யாகிறது.

கால் வளையம் போடும் வேலை இன்னும் ஒரு படி ஆழம். எண் பொறித்த ஓர் உலோக வளையம், அதோடு நிற வளையங்கள். ஆறு நிறம், மூன்று இடம் என்றால் 216 சேர்க்கைகள். தொலைநோக்கியில் காலைப் பார்த்தே போன ஆண்டுப் பறவையா புதிதா என்று சொல்லலாம். எத்தனை திரும்பி வந்தன, குஞ்சாகப் போனது எந்த ஆற்றுக்கு வந்து சேர்ந்தது என்பதெல்லாம் இதிலிருந்துதான். ஓர் ஆற்றில் எண்ணிக்கை குறைந்தால் பறவை செத்ததா இடம் மாறியதா என்ற கேள்விக்கு வேறு வழியில் பதில் கிடையாது.

2015இல் டிஹுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு துளைப்பான் வண்டு வில்லோ காட்டுக்குள் புகுந்தது. ஓராண்டுக்குள் அங்கிருந்த பல லட்சம் மரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தாக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். முப்பதாண்டு உழைப்பில் வளர்த்த ஒரு வாழிடத்தை ஒரு பூச்சியால் இரண்டு பருவத்தில் சிதைக்க முடியும் என்று அன்று தெரிந்தது. மீண்டுவிட்ட பறவையை இனி எண்ண வேண்டியதில்லை என்று வாதிடுபவர்களுக்கு இதுவே போதுமான விடை.

2006இல் மீன் வனவுயிர்த் துறையின் ஐந்தாண்டு மறுஆய்வு, வீரியோவை அழியும் நிலையிலிருந்து அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்ற ஒரு படி குறைந்த நிலைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. 1998இன் வரைவு மீட்புத் திட்டம் அந்த மாற்றத்துக்கு வைத்த நிபந்தனை: பதினோரு இடங்களில், ஒவ்வொன்றிலும் சில நூறு ஜோடிகள், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நிலைத்தோ பெருகியோ இருக்க வேண்டும். பட்டியலிலிருந்து முற்றிலும் நீக்க, பழைய தாயகமான சாக்ரமென்டோ, சான் வாகீன் சமவெளிகளிலும் சாலினாஸ் பள்ளத்தாக்கிலும் அது திரும்ப வேரூன்ற வேண்டும். பொறிகளின் துணை பெரிதும் இல்லாமல் வாழவும் வேண்டும், அல்லது அந்தத் துணைக்கு நிரந்தர நிதி உறுதியாக வேண்டும்.

தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் என்ற சொல்லைத் திட்டம் தீட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டு எண்ணிவிட்டு ஐந்தாம் ஆண்டு நிதியில்லை என்று விட்டால், அந்த ஆற்றுக்கு மறுபடியும் முதல் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஆற்றோரம் நட்டு மீட்கும் எந்தத் திட்டத்துக்கும் என் கோரிக்கை ஒன்றே: கடைசி ஏக்கர் நாணலுக்கு ஒதுக்கும் பணத்தை நிறுத்திவைத்து, ஐந்து பருவங்களுக்கான எட்டு எட்டு காலைகளை முதலில் ஒதுக்குங்கள்.